விசில் ஊதி என்னை நாவல் எழுத வைத்த போலாரைட்

எழுத்தாளர்களை உருவாக்கியது அம்மா, மனைவி, வறுமை, சிறைச்சாலை என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். என்னை உருவாக்கியது ஒரு பஸ் கண்டக்டரின் விசில். உலகத்திலேயே விசில் ஊதி நாவல் எழுத வைத்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் வழியாக ஆர்.எஸ்.மங்கலம் போகும் காலை பஸ்ஸில் எல்லோருக்கும் அவர் ‘போலாரைட்’. பஸ்ஸில் மட்டுமில்லை, கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி நகரவேண்டுமென்றாலும் ‘போலாம் ரைட்’ என்பாராம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு ஆர்.எஸ்.மங்கலத்தில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. வீட்டில் ஒரே அறை, மூன்று பிள்ளைகள். ஆகவே கடலுக்கடியில் இருக்கும் ஒரு ராஜ்ஜியத்தைப் பற்றிய என் முதல் மாயாஜால நாவலை, போக ஒரு மணி நேரம் வர ஒரு மணி நேரம், பஸ்ஸிலேயே எழுதுவதென்று முடிவு செய்தேன். முதல் நான்கு மாதம் வரைபடம் போட்டேன். பிறகு அரசனின் குதிரைகளுக்குப் பெயர் வைத்தேன். கடலுக்கடியில் குதிரை எப்படி ஓடும் என்பது நாற்பதாவது குதிரைக்குப் பெயர் வைக்கும்போதுதான் தோன்றியது.

ஒருநாள் போலாரைட் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“என்ன சார், மாசக்கணக்கா ஒரே படத்தையே வரையுறீக? சர்வே ஆபீஸா?”

“இல்லண்ணே, கதை எழுதுறேன்.”

“கதை எங்கன இருக்கு?”

நல்ல கேள்வி. அன்றைக்கே அவர் பொறுப்பை எடுத்துக்கொண்டார். மறுநாள் ஜன்னலோர சீட்டில் அவருடைய துண்டு கிடந்தது. யாராவது உட்காரப் போனால், “அது கதைக்காரர் சீட்டு, பின்னால போங்க” என்று விரட்டினார். என் பேனா நின்றால் பக்கத்தில் வந்து தொண்டையைச் செருமுவார். அப்படியும் நகராவிட்டால் ஒரு விசில். கண்டக்டர் ஒரு விசில் ஊதினால் டிரைவர் பிரேக் போடுவார். உப்பளத்து வெயிலில் நடுரோட்டில் பஸ் நிற்கும்.

“யாருப்பா எறங்குறது?” என்பார் டிரைவர்.

“யாரும் எறங்கல. ராணி குகைக்குள்ள மாட்டிக்கிட்டா. சார் யோசிக்கிறாரு.”

மொத்த பஸ்ஸும் என்னைத் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வைக்குப் பயந்தே மூன்று அத்தியாயம் எழுதினேன். பக்கம் முடிந்ததும் அவர் அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசிப்பார். ராணி மூன்று நாள் நடந்தாள் என்று எழுதியிருந்ததைக் கேட்டு, தேவிபட்டினத்தில் கூடையோடு ஏறும் மீன்காரி ஆயிஷாம்மா கொதித்துப் போனார்.

“மூணு நாளு நடக்க விட்டியே, அந்தப் புள்ளைக்கு ஒருவாய் சோறு குடுத்தியா? அல்லாவுக்கே பொறுக்காதுய்யா!”

அன்று மாலையே ராணிக்கு விருந்து வைத்தேன்.

பாதி நாவலில் எனக்கு வழக்கமான வியாதி வந்தது. புதிதாக ஒரு துப்பறியும் கதை தோன்றிவிட்டது. திருட்டுத்தனமாக வேறு நோட்டு கொண்டு போனேன். போலாரைட் முதல் பக்கத்தைப் பார்த்தார். “ராணியக் குகையில விட்டுட்டு இங்கன எவனைத் தேடுறீக?” என்று கேட்டு, நோட்டைப் பிடுங்கி ஆயிஷாம்மாவிடம் கொடுத்துவிட்டார். என் துப்பறியும் கதை அன்றைக்கு நெத்திலியைச் சுற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனது. அதற்கு முன்னும் பின்னும் என் எழுத்து அத்தனை வீடுகளுக்குப் போனதில்லை.

வினை ஒரு திங்கட்கிழமை வந்தது. மந்திரவாதியை எப்படிக் கொல்வது என்று தெரியாமல் நான் விழிக்க, விசில் பறக்க, பஸ் பத்து நிமிடம் நின்றுவிட்டது. வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் தாமதமாகிப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை. விசாரணையில், “பிரேக்கு சரியில்லையோன்னு சந்தேகம். நான்தான் நிப்பாட்டச் சொன்னேன்” என்று மட்டும் சொன்னாராம் போலாரைட். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவரை ராமேஸ்வரம் வண்டிக்கு மாற்றிவிட்டார்கள் என்று டிரைவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். கூனிக் குறுகிப்போனேன்.

புதிய கண்டக்டர் டிக்கெட்டைத் தவிர எதுவும் கேட்காத உத்தமர். மூன்று மாதத்தில் ஒரு வரி நகரவில்லை. வரைபடத்தில் ஒரு கலங்கரை விளக்கம் மட்டும் சேர்த்தேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு ராமேஸ்வரம் பஸ்ஸில் ஏறினேன். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“வாங்க சார்! மந்திரவாதி செத்தானா?”

“இல்லண்ணே. என்னாலதான் ஒங்களுக்கு இப்படி ஆயிருச்சு.”

“அத விடுங்க. மூணு மாசமாவா அவனை உயிரோட வச்சிருக்கீக? எழுதுங்க மொதல்ல.”

இப்போது விசில் இல்லை. பஸ் மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலத்தில் ஏறும்போது பக்கத்தில் வந்து நின்றுகொள்வார், அவ்வளவுதான். எல்லோரும் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்ப்பார்கள். அவர் மட்டும் என் பேனாவைப் பார்ப்பார். ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் மந்திரவாதி ஒழிந்தான், ராணி ஊர் திரும்பினாள்.

நாவல் அச்சானதா என்று கேட்காதீர்கள். மூன்று பதிப்பாளர்கள் படிக்காமல் திருப்பி அனுப்பினார்கள். நான்காமவர் படித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்.

கடைசி வரியை ராமேஸ்வரம் பஸ் நிலையத்தில், எல்லோரும் இறங்கிப்போன வண்டியில் எழுதினேன். அவர் வந்து முதல்முறையாக என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பக்கத்தை, இந்த முறை சத்தமில்லாமல், இரண்டு தடவை வாசித்தார்.

“முடிஞ்சிருச்சா சார்?”

“முடிஞ்சிருச்சுண்ணே.”

நோட்டை மூடி என் மடியில் வைத்தார்.

“அப்ப இனிமே இந்தப் பக்கம் வர மாட்டீக.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அந்த பஸ்ஸில் போனேன். எழுத ஒன்றுமே இல்லாமல்.