அதுவேறயாருக்கு எத்தனை உடம்பு?

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. இந்த இனத்தாரின் உடம்பு ஒரே உடம்பு அல்ல. தனித்தனி வாசலும் தனித்தனி அதிகாரியும் கொண்ட பல பிரிவுகள். ஒன்றில் தீப்பிடித்தாலும் அடுத்ததற்குத் தகவல் போகாது. இவர்களுக்கு 'அதுவேறயார்' என்று நானே பெயர் சூட்டியிருக்கிறேன். உங்கள் தெருவிலும் ஒருவராவது இருப்பார், தேடிப்பாருங்கள்.

எங்கள் அலுவலகத்து அதுவேறயார் இன்னும் ஐம்பதைத் தொடாதவர், ஒரு பிரிவின் தலைவர். எந்தக் கோப்பு வந்தாலும் பிரித்தே பார்க்காமல், "இது நம்ம பிரிவு இல்லையே" என்று புன்னகையோடு திருப்பி அனுப்புவதில் மன்னர். வருடக்கணக்காகக் கோப்புகளை விரட்டிய பழக்கத்தில், தன் உடம்பு சொல்வதையும் விரட்ட ஆரம்பித்துவிட்டார்.

அவர் வருகையை இருமல்தான் அறிவிக்கும். மாடிப்படியில் முதல் இருமல் கேட்டதும் பக்கத்து மேசைக்காரர் செல்போனை உள்ளே வைப்பார். அடுத்த இருமலில் நான் கண் விழிப்பேன். அவர் கைப்பிடியைப் பிடித்து நின்று, மூச்சு வாங்கி, கைக்குட்டையால் வாயைத் துடைத்து, "வெறும் சளிதான்" என்று யாரும் கேட்காமலே விளக்கம் சொல்லியபடி உள்ளே நுழைவதற்குள் அலுவலகமே கடமையில் மூழ்கியிருக்கும். எத்தனை வருடத்துச் சளி? அதை மட்டும் கேட்கக்கூடாது. மருத்துவர் அதற்கு நாட்பட்ட நுரையீரல் நோய் என்று பெயர் சொல்லி, சிகரெட்டை விடச் சொல்லி, இன்ஹேலரும் கொடுத்திருந்தார். இன்ஹேலர் சட்டைப்பையில் பத்திரமாக இருக்கும். சிகரெட்டும் அதே பையில்தான்.

"என்ன சார் இது?" என்றால், "அது வேற, இது வேற" என்பார்.

பிறகு கால் தகராறு செய்ய ஆரம்பித்தது. கடைவீதியில் கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். ஒரு பிரிவுத் தலைவர் நடுத்தெருவில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கலாமா? ஆகவே வலி பிடித்த இடத்தில் எந்தக் கடை இருக்கிறதோ, அதன் கண்ணாடி முன்னே நின்று ரசிப்பார். தையல் மெஷின்களை ரசித்தார். குளியலறைக் குழாய்களை ரசித்தார். ஒருநாள் பெண்களுக்கான செயற்கைக் கூந்தல் கடை முன்னே மெய்மறந்து நின்றதை நானே பார்த்தேன்.

அவர் மனைவியும் பார்த்துவிட்டார்.

அடுத்த முறை நுரையீரல் மருத்துவரிடம் அந்த அம்மாவும் கூடவே போனார். அங்கே நடந்ததை அந்த அம்மாவே என்னிடம் சொன்னார்.

"நடக்கும்போது எப்படி இருக்கு?" என்று மருத்துவர் கேட்டிருக்கிறார்.

"கொஞ்சம் சளி, அவ்வளவுதான்."

"பொய் சொல்றாரு டாக்டர். பத்தடிக்கு ஒரு கடையில நிக்கிறாரு. ஒண்ணும் வாங்கறதில்ல. கேட்டா வாயைத் திறக்கறதில்ல. எனக்குப் பயமா இருக்கு."

"கால் வலிம்மா. செருப்பு சரியில்ல. அதுக்கு டாக்டர் என்ன பண்ணுவாரு? அது இவர் பிரிவு இல்லையே."

மருத்துவர் செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தில் நாடியைத் தேடினார். ஒரு காலில் தேடினார், மறுகாலில் தேடினார், திரும்ப முதல் காலுக்கே வந்தார்.

"நாடி ரொம்ப பலவீனமா இருக்கு. நுரையீரல் இப்படி இருக்கறவங்களுக்கு ரத்தக்குழாயும் சின்ன வயசுலேயே அடைக்க ஆரம்பிக்கலாம் சார். சிகரெட் ஒரு காரணம். உள்ள ஓயாம இருக்கிற அழற்சியும் சேர்ந்துக்கும். கால்ல அடைப்புன்னா இதயத்தையும் உடனே பார்த்தாகணும்."

"இதயமா? டாக்டர், அது வேற..."

"ரத்தத்துக்கு அதெல்லாம் தெரியாது சார். எல்லா இடத்துக்கும் போகும்."

நம்மவர் அப்போதும் வாயைத் திறந்தார். மனைவி விடவில்லை.

"நான் முழு ஆளைத்தான் கட்டிக்கிட்டேன். பிரிவு பிரிவா கட்டிக்கல. ஒரு பிரிவு நின்னுபோனா மீதியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

சொல்லும்போதே அழுதுவிட்டார். என்னிடம் சொல்லும்போதும் அழுதார். அதுவேறயார் சட்டைப்பையிலிருந்து சிகரெட் பாக்கெட்டை எடுத்து மனைவி கையில் கொடுத்தாராம். இதயப் பரிசோதனைக்கும் மறுபேச்சில்லாமல் போனார். அவர் திருப்பி அனுப்பாத முதல் கோப்பு அதுதான்.

இதெல்லாம் யாரோ ஒருவரின் கதை என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரிப்பின் நடுவே ஓர் இருமல் வந்ததே, அது வெறும் சளிதான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நேற்று மாலை பூட்டுக் கடை வாசலில் அவ்வளவு நேரம் நின்றுகொண்டிருந்தீர்களே, எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? கடைதான் மூடியிருந்ததே?