அக்கா வீட்டில் நான் வைத்த ஊதாக் கால்

ஞாயிற்றுக்கிழமை காலையில் "சும்மா ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடும்மா" என்று சொல்கிற முதலாளியை நம்பவே கூடாது. நான் நம்பினேன். அதனால் என் அக்காவிடம் தன் கிரகப்பிரவேசத்தன்று எடுத்த குடும்பப் படம் ஒன்றுகூட இல்லை.

1991, தை மாதம். நான் எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, கிண்டியில் ஒரு சின்னப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தினமும் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போவேன். தண்ணீரிலும் மண்ணிலும் என்ன கலந்திருக்கிறது என்று சோதித்துச் சொல்வது அந்தக் கூடத்தின் வேலை. குடுவைகளைக் கழுவி வைப்பது என் வேலை. (படித்தது வேதியியல், பார்த்தது பாத்திரம் தேய்க்கிற உத்தியோகம். வீட்டில் மட்டும் "விஞ்ஞானி" என்று சொல்லி வைத்திருந்தேன்.)

மண்ணூர் பக்கத்தில் ஒரு சாயப்பொடிக் கம்பெனி மூடிக் கிடந்தது. டிரம்மில் வரும் சாயப்பொடியைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி விற்றுக்கொண்டிருந்த இடம். ராஜவேலு என்கிற தொழிற்சாலைக்காரர் அதை வாங்கி, கொட்டகையை இடித்துவிட்டு, தன் தொழிலாளர்கள் குடும்பத்தோடு தங்க வரிசையாக வீடுகள் கட்டப் போகிறார். திங்கட்கிழமை அக்ரிமெண்ட். அதற்கு முன் மண்ணும் கிணறும் கெட்டிருக்கின்றனவா என்று பார்த்து அவருக்கு ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும்.

"வேற யாரும் லீவு நாள்ல வரமாட்டேங்கறாங்கம்மா. நீதான் போகணும்" என்றார் முதலாளி.

"சார், ஞாயித்துக்கிழமை எங்க அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசம் சார்."

"எங்க?"

"குன்றத்தூர்ல."

"அப்ப வழியிலதானே!"

(மண்ணூர் எங்கே, குன்றத்தூர் எங்கே! கிண்டியில் உட்கார்ந்திருப்பவருக்குப் பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் எல்லாமே ஒரே ஊர்.)

முகூர்த்தம் பத்தரைக்கு மேல். வீட்டுக்குத் திரும்பி உடை மாற்ற நேரமிருக்காது என்பதால், அம்மாவின் மாம்பழ நிறப் பட்டுப்புடவையை அதிகாலையிலேயே கட்டிக்கொண்டு, தலையில் கனகாம்பரம், ஒரு கையில் மண் அள்ளும் கரண்டி, இன்னொரு கையில் அக்காவுக்கு வாங்கிய எவர்சில்வர் குடம் என்று மண்ணூரில் போய் இறங்கினேன்.

கேட்டில் மேனேஜர் தணிகாசலம் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை.

"வாங்க மேடம், வாங்க. இன்னா மேடம், கல்யாணத்துக்கு வந்தா மாதிரி வந்துகீறீங்க? குடத்தை இப்டி குடுங்க. கலர் சாப்பிடறீங்களா?"

"வேண்டாங்க. மண்ணைப் பார்க்கணும்."

"அதுக்கு இன்னா, நல்லா பாருங்க."

பார்த்தேன். வளாகம் முழுவதும் கிராவல் மண் செக்கச்செவேல் என்று பரப்பியிருந்தது. லாரியின் டயர்த் தடம்கூட அழியவில்லை.

"இந்த கிராவல் எப்ப போட்டீங்க?"

"எப்பவும் இப்டிதான் கீது மேடம்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்தக் கிராவலை விலக்கி அடியில் தோண்டியிருக்க வேண்டும். பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் விரலால் காட்டிய இடத்தில் குனிந்து, மேலாக இரண்டு கரண்டி அள்ளிப் பையில் போட்டுக்கொண்டேன். "செம்மண் நிலம்" என்று எழுதினேன்.

கிணற்றைக் கேட்டேன். மோட்டார் ரிப்பேர் என்றார். கயிறு, வாளி கேட்டேன். கயிறு அறுந்துவிட்டது என்றார். எட்டிப் பார்த்தேன். அடியில் கறுப்பாக ஏதோ மினுங்கியது. "கிணறு உள்ளது" என்று எழுதினேன்.

கொட்டகையின் ஷட்டர் அருகில் போனதும்தான் அவர் குரலில் ஒரு மாற்றம். "உள்ள ஒண்ணியும் இல்ல மேடம். எலிதான் சுத்திக்கினு கீது."

காலையிலிருந்து அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய எனக்கு அப்போதுதான் ரோஷம் வந்தது. "திறங்க" என்றேன். அந்த ஒரு சொல்லில் என் ஐந்தாண்டுப் படிப்பும் இருந்தது.

திறந்தார். ஷட்டர் மேலே சுருண்டதும் அதன் இடுக்கில் பல காலமாக அடைந்திருந்த தூசு மொத்தமும் என் தலையில் கொட்டியது. கனகாம்பரத்தில், கழுத்தில், புடவைக் கொசுவத்தில், செருப்புக்குள், எல்லா இடத்திலும். பச்சையும் பழுப்புமாகக் கொஞ்சம் மினுமினுப்புடன் இருந்தது. தும்மி முடித்துவிட்டுத் தட்டிவிட்டேன். பெரும்பாலும் போய்விட்டது. "கொட்டகையில் சாதாரணத் தூசு. மாசு எதுவும் தென்படவில்லை" என்று எழுதினேன்.

"அப்ப க்ளீன்தானே மேடம்?"

"க்ளீன்தாங்க" என்றேன் பெருந்தன்மையோடு.

குன்றத்தூர் பஸ்ஸில் நல்ல கூட்டம். வியர்த்தது. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தால், கைக்குட்டையில் ஊதா நிறத்தில் ஒரு கோடு. பக்கத்தில் இருந்த கீரைக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, பேனா கக்கிக்கிச்சா?"

"ஆமாங்க, பேனாதான்" என்றேன். என் பேனா நீல மை. ஊதா எப்படி வந்தது என்று ஒரு கணமாவது யோசித்தேனா? தாமதத்துக்கு அக்காவிடம் என்ன சாக்குச் சொல்வது என்கிற யோசனையிலேயே இருந்தேன்.

அக்கா வீடு பளபளவென்று இருந்தது. மாமா கடன் மேல் கடன் வாங்கிக் கட்டியது. (அக்கா வீட்டுக்காரரைத்தான் மாமா என்கிறேன்.) ஹாலில் வெள்ளை மொசைக். அதற்கு மெருகு போடுகிறவரோடு அக்கா ஒரு வாரம் சண்டை போட்டு, மறுபடியும் மறுபடியும் தேய்க்க வைத்திருந்தாள். வாசலில் கால் கழுவ ஒரு அண்டாவில் தண்ணீரும் சொம்பும் வைத்திருந்தார்கள். நான் பக்தியோடு செருப்பைக் கழற்றி, இரண்டு சொம்பு ஊற்றி, குதிகாலைக் குதிகாலால் தேய்த்துவிட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனேன்.

ஹோமப் புகையில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. எல்லோரும் அடுப்பில் பால் பொங்குவதைப் பார்க்கக் குனிந்திருந்தார்கள். நான் ஹாலைக் கடந்து சாமி அறைக்குப் போய்க் கும்பிட்டேன். அடுக்களையை எட்டிப் பார்த்தேன். முகம் பிசுபிசுவென்று இருந்ததால் பாத்ரூமுக்குள் நுழைந்து தாழ் போட்டுக்கொண்டு முகம் கழுவினேன். புதுவீடு, கண்ணாடி இன்னும் மாட்டவில்லை. முந்தானையால் துடைத்தேன்.

மாம்பழப் புடவை ஊதாவாகிவிட்டது.

கையைப் பார்த்தேன். ஊதா. காலைப் பார்த்தேன். நாவல்பழத்தை மிதித்தது போல ஊதா. அப்போது வெளியே அக்காவைக் கூப்பிடும் அவள் மாமியார் குரல் வீடு அதிரக் கேட்டது.

"அடியே வசந்தி! இங்க வந்து பாருடி! லட்சுமி வந்துட்டா! காலடி வச்சுக்கினு சாமி ரூமுக்குள்ளாறயே வந்துருக்காடி!"

யாரோ கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம். யாரோ "சூடத்தை ஏத்துங்க" என்றார்கள். எல்லோரும் அந்தக் காலடியைத் தொடர்ந்து வருவது கேட்டது. பாத்ரூம் வாசலில் வந்து கூட்டம் நின்றது.

"லட்சுமி எதுக்கும்மா பாத்ரூமுக்குப் போறாங்க?" என்றார் மாமா.

கதவைத் தட்டினார்கள். வேறு வழியில்லை, திறந்தேன். ஊதா முகத்தோடு நின்ற என்னைக் கண்டதும் அக்காவின் மாமியார் கையிலிருந்த சூடத்தட்டை மாமாவிடம் கொடுத்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்தார். அக்கா மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்தாள்.

"சுகுணா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பதில் நாலு அறை விட்டிருக்கலாம்.

துடைத்தோம். துடைக்கத் துடைக்கப் பெருகியது. ஒரு காலடி இருந்த இடம் ஒரு முறம் அளவுக்கு விரிந்தது. துணியைப் பிழிந்தால் வாளி ஊதா, தண்ணீரை மாற்றினால் அதுவும் ஊதா. புளி, எலுமிச்சை, மண்ணெண்ணெய், சோப்புத்தூள் என்று ஆளாளுக்கு ஒன்று கொண்டுவந்தார்கள். "தண்ணி ஊத்தாதீங்க!" என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

நடு ஹாலில் மண்டி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்தச் சாயம் காய்ந்திருக்கும்போது வெறும் அழுக்குப் போலத்தான் தெரியும், தண்ணீர் பட்டால்தான் நிறம் காட்டும். (இதைப் பற்றிப் பரீட்சையில் நாலு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியவள் நான்.) என் காலில் ஒட்டியிருந்த தூசு ஒரு சிட்டிகை இருக்குமா? அதற்கே இத்தனை வாளி. அங்கே கொட்டகை நிறைய இருக்கிறது. கிராவலுக்கு அடியில் என்ன இருக்கிறதோ. மழை பெய்தால் எல்லாம் அந்தக் கிணற்றுக்குத்தான் போகும். அந்தக் கிணற்றைச் சுற்றித்தான் வீடுகள் கட்டப் போகிறார்கள். நான் "க்ளீன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

துணியைப் போட்டுவிட்டு எதிர்க்கடைக்கு ஓடி முதலாளிக்குப் போன் செய்தேன். கடைக்காரர் ரிசீவரை என் கையில் கொடுக்காமல் என் காதுக்கு நேராகத் தானே பிடித்துக்கொண்டார்.

"சார், அந்த இடம் சுத்தமா இல்ல சார்!"

"உனக்கு எப்படிம்மா தெரியும்? ரிசல்ட் இன்னும் வரலையே."

"எங்க அக்கா வீட்டு ஹால்ல வந்திருக்கு சார்."

சொல்லி முடித்தேன். "படம் எடுத்தியா?" என்றார். என் கதி என்னவென்று கேட்கவில்லை. படம் எடுத்தியா என்றுதான் கேட்டார்.

படம் எடுக்கிறவர் வீட்டிலேயே இருந்தார். கிரகப்பிரவேசத்துக்கு வந்த போட்டோகிராபர், குடும்பப் படத்துக்காக அதுவரை ரோலைச் சிக்கனமாக வைத்திருந்தார். அவரை இழுத்துவந்து, கொத்தனார் விட்டுப்போன அளவு டேப்பை, இன்னும் துடைக்காமல் மிஞ்சியிருந்த காலடிக்குப் பக்கத்தில் நீட்டி வைத்து, "இதை எடுங்க, இப்ப அதை எடுங்க" என்றேன். அவருக்கும் இதில் ஒரு உற்சாகம் வந்துவிட்டது. தரையில் படுத்தெல்லாம் எடுத்தார். அக்கா அரக்குப் பட்டில், மாமா பட்டு வேட்டியில், மாமியார் வைரமூக்குத்தியோடு வரிசையாக நின்று, "இப்ப எங்களை எடுங்க" என்றபோது அவர் கேமராவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ரோல் முடிஞ்சிடுச்சுங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை, ஸ்டூடியோ மூடியிருந்தது.

அதற்குப் பிறகு அக்கா என்னோடு ஆடி வரை பேசவில்லை.

மறுநாள் நானும் முதலாளியும் ராஜவேலுவை அழைத்துக்கொண்டு மண்ணூருக்குப் போனோம். தணிகாசலம் என் முகத்தைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டார். ஆனாலும் விடவில்லை.

"சார், பொங்கலுக்கு எங்கியோ சாயத்தண்ணி ஊத்தி வெளாடிட்டு வந்து எங்க மேல பழி போடறாங்க சார். இவங்கதான் க்ளீன்னு சொன்னாங்க, கேளுங்க."

"சொன்னேன். தப்பு. இப்ப ஒரு வாளி தண்ணி கொண்டாங்க" என்றேன்.

"கயிறு இல்ல மேடம்."

ராஜவேலு தன் காரின் டிக்கியைத் திறந்து ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீர் கேனை எடுத்துவந்தார். கொட்டகைக்குள் நுழைந்து தரையில் கவிழ்த்தார். ஊதா வெள்ளம் ஒன்று எங்களைத் தேடி வந்தது. நாங்கள் தாவி ஒதுங்கினோம். தணிகாசலத்தின் வெள்ளை வேட்டி ஒதுங்கவில்லை. அடுத்து ராஜவேலு வெளியே போய்க் குச்சியால் கிராவலைக் கிளறி, மிச்சத் தண்ணீரை ஊற்றினார். அங்கேயும் அதே நிறம்.

"இங்க குழந்தைங்க விளையாடும்யா" என்றார் தணிகாசலத்தைப் பார்த்து. சத்தம் போட்டிருந்தால்கூட இவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது.

தணிகாசலம் வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டே, "எங்க மொதலாளி கிராவல் அடிக்கச் சொன்னாரு சார், அடிச்சேன். எனுக்கும் புள்ளகுட்டி கீது" என்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. (மீதிப் பாதி என் முகம் வெளுத்த பிறகுதான் போனது. அதற்கு ஒரு மாதம் பிடித்தது.)

எழுதி வைத்திருந்த அக்ரிமெண்ட் கிழிந்தது. ராஜவேலு வீடுகளைப் பிள்ளைப்பாக்கம் பக்கம் வேறு இடத்தில் கட்டினார். சாயக் கம்பெனி நிலம் நெடுங்காலம் பூட்டியே கிடந்து, பிறகு மண்ணைத் தோண்டி அகற்றியபின் லாரிகள் நிற்கும் இடமாகியது. எங்கள் அறிக்கையில் அக்கா வீட்டு ஹாலின் படங்களை ஒட்டி, "அறிக்கையாளரின் காலடிகள்" என்று அடியில் தட்டச்சு செய்திருந்தார் முதலாளி. அக்காவின் புதுவீட்டுக்கு எடுத்த படங்கள் அவ்வளவுதான்.

அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் யார் புதுவீட்டுக்குப் போனாலும், வாசலில் எனக்கென்று ஒரு வெள்ளைத் துண்டை விரித்து வைப்பாள் அக்கா. நான் கால் கழுவி, அதில் மிதித்து, துண்டை அவள் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து "ம்" என்ற பிறகுதான் எனக்கு அனுமதி. சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

அக்கா மகளுக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளை சமீபத்தில் ஒரகடத்தில் ஃப்ளாட் வாங்கினார். கிரகப்பிரவேசத்துக்குப் போனால், வாசலில் பெரிதாக ஒரு வெள்ளைத் துண்டு. மாப்பிள்ளை பட்டு வேட்டியில் பணிவாக நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொருவரையும் அதில் மிதிக்கச் சொல்லி, துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து "ம்" என்று சொல்லி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மாவும் மிதித்துவிட்டு நின்றார்.

"இது என்னப்பா சம்பிரதாயம்? நம்ம பக்கம் கிடையாதே?"

"பொண்ணு வீட்டு வழக்கம்மா. எல்லா வீட்லயும் பண்றாங்க, நானே பார்த்திருக்கேன். தாத்தா காலத்துலேர்ந்து வர்றது போல."

அந்த அம்மா பயபக்தியோடு துண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, "ஆமாம் சம்பந்தி, ரொம்பப் பழைய வழக்கம்" என்றாள்.