சிவலட்சுமி வீட்டு ஊதா விரிப்பு

கூட்டுக்குள் உமி போட்ட அன்றே சின்சில்லாக்கள் இரண்டும் தும்மத் தொடங்கின.

"இஞ்சேருங்கோ, அங்க அவளின்ர ஒண்டாவது தும்முதே?" என்று விமலேஸ்வரி கணவன் பாலனைக் கேட்டாள்.

'அங்க' என்றால் வேலிக்கு அந்தப் பக்கம், சிவலட்சுமி வீடு. சிவலட்சுமியின் தம்பி கனடாவிலிருந்து வந்தபோது, முயலுக்கும் எலிக்கும் நடுவில் பிறந்தது போன்ற அந்தச் சாம்பல் நிறப் பிராணிகளில் ஒரு சோடியைக் கொழும்பில் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். தர்மபுரத்தில் பாதிப்பேர் பார்க்க வந்தார்கள். அத்தனை பேரும் விமலேஸ்வரியின் படலையைத் தாண்டித்தான் போனார்கள். ஒருவராவது உள்ளே எட்டிப் பார்த்திருக்க வேண்டுமே!

அதன்பிறகு விமலேஸ்வரியின் நச்சரிப்பில் பாலனுக்கு நிம்மதியாக ஒரு வாய் சோறு இறங்கவில்லை. கடைசியில் கிளிநொச்சியில் ஒரு கடையில் யாரோ வளர்த்துவிட்டுக் கொடுத்த சோடி ஒன்றை வாங்கி வந்தான்.

"இதில ஒண்டுக்குக் காது கிழிஞ்செல்லோ கிடக்கு?" என்றாள் விமலேஸ்வரி.

"அதுக்கென்ன, தோடு போடப் போறீரோ?"

தும்மல் நிற்காததால் உமியை அள்ளிக் கொட்டிவிட்டு வைக்கோல் விரித்தாள். விடிவதற்குள் பாதிப் படுக்கையைத் தின்று முடித்துவிட்டு, மீதியின் சுணையில் இரண்டும் உடம்பைச் சொறிந்துகொண்டிருந்தன. பிறகு மர ஆலையிலிருந்து ஒரு உரப்பை மரத்தூள் வந்தது. அதன் நெடிக்குச் சின்சில்லாக்களுக்கு மட்டுமல்ல, பாலனுக்கும் கண்ணால் நீர் வடிந்தது.

வேறு வழியில்லை. கறிவேப்பிலை கேட்கிற சாட்டில் சிவலட்சுமி வீட்டுக்குப் போனாள்.

"சத்தம் போடாதேங்கோ அக்கா. பகலில இதுகள் நித்திரை" என்று சிவலட்சுமி வாசலிலேயே மறித்தாள்.

விமலேஸ்வரி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். மின்விசிறிக் காற்றில், ஊதா நிற மெத்துத் துணியில், இரண்டும் கொழுகொழுவென்று படுத்திருந்தன. ஒரு புழுக்கை கிடையாது.

"எத்தினை நாளைக்கு ஒருக்கால் துணி மாத்துறனீர்?"

"மாத்தவே தேவையில்லை அக்கா. வளர்ப்பு அப்பிடி."

கறிவேப்பிலையை அங்கேயே மறந்துவிட்டு வந்தவள், நேரே அலுமாரியைத் திறந்தாள். சுவிசிலிருந்து அக்கா அனுப்பிய ரோசாப்பூப் போர்வை, வந்த உறையோடு உள்ளே இருந்தது. கத்திரிக்கோலைக் கண்டதும் பாலன் ஓடிவந்தான்.

"அது லக்சிகான்ர கலியாணத்துக்கெண்டு வைச்சதெல்லோ?"

"மகளின்ர கலியாணம் ஆறுதலா வரட்டும். மானம் இண்டைக்கே போகுது."

தும்மல் நின்றது. சொறிச்சலும் நின்றது. விமலேஸ்வரி அன்று வேலியோரம் நின்று தேவையில்லாமல் இரண்டு தரம் சிரித்தாள். ஆனால் விடிந்து பார்த்தால் ரோசாப்பூவெல்லாம் புழுக்கை, ஓரமெல்லாம் கடி.

"அவளின்ரயள் ஒரு சொட்டு ஊத்தைப்படுத்தாதாம்! இதுகளுக்கு வளர்ப்பில்லை" என்று கூட்டைப் பார்த்தே ஏசினாள். வெட்டினாள், விரித்தாள், தோய்த்தாள், மறுபடி வெட்டினாள். மகளின் கலியாணப் போர்வை முகம் துடைக்கிற கைலேஞ்சி அளவுக்கு வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்து, வயலுக்கு மருந்தடிக்கிற தாங்கி இரவல் கேட்டுச் சிவலட்சுமியின் கணவன் சஜீவன் வந்தான். மனைவி பேசும்போது வாய் திறந்து ஊரில் ஒருவரும் கண்டிராத மனிதன். கூட்டைக் கண்டதும் தாங்கியை மறந்து குந்தினான்; நாக்கால் 'டொக் டொக்' என்றான். விமலேஸ்வரி கூப்பிட்டு ஒருநாளும் திரும்பியும் பார்க்காத இரண்டும் பாய்ந்து வந்து அவன் விரலை முகர்ந்தன.

விமலேஸ்வரிக்கு அதுவும் பொறுக்கவில்லை.

"உங்கட கைராசி அப்பிடி. வாயைத் திறந்து சொல்லுங்கோ தம்பி, உங்கட வீட்டில மட்டும் எப்பிடி அந்த ஊதாத் துணி ஊத்தைப்படாமல் கிடக்கு?"

சஜீவன் வேலிப்பக்கம் ஒருதரம் பார்த்தான். பிறகு அந்தக் கிழிந்த காதை மெல்லத் தடவினான்.

"இவன் எங்கட குட்டன்தான் அக்கா. புழுக்கை மணக்குதெண்டு இவா ரெண்டையும் கடையில குடுத்திட்டா. கனடா மச்சான் வீடியோவில காட்டச் சொல்லுவார் எண்டு அங்க படுக்க வைச்சிருக்கிறது பொம்மையள்."