கோவேறு கழுதைகளின் கடைசி ஆட்டமும் என் மீசையும்

தோர்ண்டன் ஹீத்,
இலண்டன்.
ஆவணி மாதம், வெயில் எறித்த ஒரே ஞாயிறு.

ரொறன்ரோ மாநகரத்தின் மாணிக்கமும், என் ஒரே தங்கையின் ஒரே மகளும், வருகிற ஐப்பசியில் மணவறை ஏற இருப்பவளுமான மருமகள் தக்ஷிகாவுக்கு, தாய்மாமன் இராஜேந்திரன் சமுத்திரத்துக்கு இந்தப் பக்கம் நின்று இரு கையும் தூக்கி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும், என் மீசையும், உன் மாமி சிவனேஸ்வரியும் நலம். (இந்த வரிசையை மாமிக்குக் காட்டாதே.) அங்கே நீயும், அம்மாவும், உன் மாப்பிள்ளை சுஜீத்தும் சுகமாயிருக்க எல்லாம் வல்ல பிள்ளையார் துணை. பிள்ளையாரின் பெயரைச் சும்மா இழுக்கவில்லை. இந்தக் கதையில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் உன் மாப்பிள்ளைதான். சித்திரையில் வீடியோவில் சம்பந்தம் பேசியபோது அந்தப் பிள்ளை மிக மரியாதையாக, "மாமா, உங்களுக்கு பேஸ்போல் தெரியுமோ?" என்று கேட்டது நினைவிருக்கிறதா? 'தெரியாது' என்ற சொல்லை என் வாய் அறுபத்தெட்டு வருஷமாகச் சொல்லிப் பழகவில்லை. "தெரியுமோவோ? இஞ்ச நான் ஒரு ரீமே வச்சிருக்கிறன், தம்பி!" என்று விட்டேன். எனக்குப் பின்னால் தோசை சுட்டுக்கொண்டிருந்த மாமியின் தட்டகப்பை விழுந்த சத்தம் கனடாவில் உங்களுக்கும் கேட்டிருக்கும். சொன்ன பொய்யை எப்பாடுபட்டாவது உண்மையாக்கிவிடுவது எங்கள் பரம்பரைக் குணம். அடுத்த கிழமையே பேருந்துத் தரிப்பிலும், கோயில் அன்னதான வரிசையிலும், பல் வைத்தியரின் வாசலிலும் ஆள் பிடித்து ஒன்பது பேர் அணி ஒன்றைச் சேர்த்துவிட்டேன். எல்லோருடைய முழங்கால்களையும் கூட்டினால் நல்லது நாலுதான் தேறும்.

எங்கள் அதிர்ஷ்டம், இந்தக் கோடையில் இங்குள்ள பூங்காவில் ஒரு பழங்கால பேஸ்போல் விழா. ஒவ்வொரு அணியும் 1907ஆம் ஆண்டு அமெரிக்காவில் சம்பளத்துக்கு ஆடிய ஓர் அணியின் பெயரையும் உடுப்பையும் ஏற்று, அந்த வருஷத்து ஆட்டங்களைத் திருப்பி ஆட வேண்டும். நடத்துபவ பெர்னடெற், எங்கள் தமிழ்ப் பிள்ளைதான், பள்ளிக்கூட விளையாட்டு ரீச்சர், நடுவரும் அவதான். சீட்டுக் குலுக்கினால் எனக்கு விழுந்தது 'மட்ஃபோர்ட் மியூல்ஸ்'. மியூல் என்றால் கோவேறு கழுதையாம். அந்த வருஷம் கடைசி ஆட்டம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் தோற்ற மகாவீரர்கள். அவர்கள் ரயிலால் இறங்கும்போதே எதிரூரில் வெற்றி விழாவுக்கு மேளம் அடித்தார்களாம். ஆடி மாதச் சம்பளம் உருளைக்கிழங்காகத்தான் கிடைத்ததாம். இதில் பாதி பெர்னடெற் சொன்னது, மீதி நான் சேர்த்தது. உடுப்போ தடித்த கம்பளி. அதைப் போட்டுக்கொண்டு பூங்காவை நான் ஒருதரம் சுற்ற, வடிந்த வியர்வையில் இரண்டு வாத்துகள் நீந்தின.

இந்த நேரம் பார்த்து உன் மாமியின் தம்பி, டூட்டிங்கில் மரக்கறிக்கடை வைத்திருக்கும் புவனேந்திரன், தானும் ஓர் அணி சேர்த்துக்கொண்டு வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா?

"அத்தான், நீங்கள் ஒரேயொரு ஆட்டம் வெண்டு காட்டுங்கோ, நான் தக்ஷிகாவின்ர கலியாணத்துக்கு இந்தக் கம்பளிக் காற்சட்டையோட வாறன். ஒண்டும் வெல்லாட்டில் உங்கட மீசையை நான் என்ர கையால வழிப்பன்."

சபை நடுவே கேட்டான், பிள்ளை. நாற்பது வருஷத்து மீசை. அகதியாக வந்து இறங்கிய அன்று குடிவரவு அதிகாரி என் கடவுச்சீட்டை ஒருதரமும் மீசையை மூன்றுதரமும் பார்த்து முத்திரை குத்திய மீசை. உன் கலியாணப் படத்தில் தாய்மாமன் இடத்தில் நிற்கப் போவது நானல்ல, அது. மாட்டேன் என்று சொல்ல முடியுமா? "ஓம்" என்றுவிட்டேன்.

முதலாம் ஆட்டத்துக்கு நல்ல நேரம் பார்த்துப் போனோம். மைதானத்தின் நடுவே, பந்து எறிகிறவர் நிற்பதற்கு மண்ணைக் குவித்து ஒரு மேடு கட்டியிருந்தார்கள். நடுவே மேடு என்றால் எங்கள் ஆட்களுக்கு வேறென்ன தோன்றும்? அதன் பின்பக்கம் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, அறுகம்புல் குத்தி, கற்பூரம் கொளுத்தி, நானே ஐயராக நின்று தேங்காயும் உடைத்தேன். ஒரு பாதி எதிரணித் தலைவரின் தேநீர்க் கோப்பைக்குள் விழுந்தது. நல்ல சகுனம் என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன்.

பிறகுதான் வந்தது வினை. இந்த விளையாட்டில் பந்தை அடித்தவர் வலப்பக்கமாகப் புறப்பட்டு, மூன்று மூலைகளையும் மிதித்து, திரும்பவும் அடித்த இடத்துக்கு வந்தால் ஒரு ஓட்டம். வந்து சேரும் அந்த இடத்துக்கு வீடு என்று பெயர். எங்கள் முதல் ஆள் ஸ்ட்ரெதம் மெய்யப்பன், மலேசியாக்காரர். நல்லாய் அடித்துவிட்டு வலப்பக்கமாக இரண்டடி வைத்தார். நடுவில் பிள்ளையார்! அவர் இடக்கைப் பக்கம் வர ஓடினால் அது அப்பிரதட்சணம் அல்லவா?

"நில்லும்!" என்று நான் போட்ட சத்தத்தில் குறொய்டன் ரயில் ஒன்று பிறேக் போட்டது. "மற்றப் பக்கத்தால ஓடும்! வலம் வாரும்!"

"அண்ணே, அந்தப் பக்கம் மூணாவது மூலைல்ல இருக்கு?"

"மூலை எங்கயும் போகாது! பிள்ளையார் கோவிச்சால் என்ன செய்வீர்?"

மனுசன் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பி ஓடினார். பெர்னடெற் கையைத் தூக்கினா. அவுட். அடுத்தவரும் பிள்ளையாரை வலமாகச் சுற்றி ஓடினார், அவுட். அதற்கடுத்தவர் பக்தி முற்றி, போகிற வழியில் தோப்புக்கரணமும் போட்டார், அவுட். இப்படியே வைகாசி போய், ஆனி போய், ஆடியும் போனது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதுப் பிள்ளையார், புதுத் தேங்காய், அதே தோல்வி. பெர்னடெற்றே இரக்கப்பட்டு, "ராஜன் அண்ணை, நானும் வேதக்காரிதான், எனக்கும் கடவுள் பயம் இருக்கு. ஆனால் ஒருக்காலாவது இந்தப் பக்கத்தால ஓடுங்கோவன்," என்று கெஞ்சினா. நான் அசையவில்லை. புவனேந்திரனோ ஒவ்வொரு தோல்விக்கும் எனக்குச் சவரம் செய்யும் சவர்க்கார நுரையைப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தான்.

கடைசி ஆட்டம் நேற்று. எதிரே புவனேந்திரனின் டூட்டிங் அணி. உன் மாமி அன்றைக்குத்தான் முதன்முதல் மைதானத்துக்கு வந்தா, மீசைக்கு வழியனுப்பு விழா பார்க்க. நான் பூசை முடித்து நிமிர, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டா:

"பூசை முடிஞ்சால் பிள்ளையாரை வடக்கால நகர்த்தி வழியனுப்ப வேணுமெண்டு தெரியாதோ? கோடை முழுக்க அந்த மனுசனை வெயிலுக்க இருத்தி வச்சிருந்தனீங்களோ?"

அவ்வளவுதான். வெற்றிலையோடு தூக்கி, வடக்கே ஒருதரம் காட்டி, கைப்பைக்குள் வைத்தா. ஒரு கோடை காலத்துத் தத்துவச் சிக்கல் ஒரு கைப்பைக்குள் அடங்கிப் போயிற்று.

அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே என் கழுதைகளை! இடப்பக்கம் வலப்பக்கம் என்ற கவலை விட்டு ஓடி, கடைசி முறை வரும்போது இரண்டு பக்கமும் சமன். மூன்று பேர் அவுட் ஆனால்தான் முறை முடியும்; எங்களில் ஒருவர்தான் அவுட். மெய்யப்பன் மூன்றாம் மூலையில் காத்து நிற்கிறார். அவர் வீடு வந்தால் வெற்றி. மட்டை என் கையில். என் மீசை தன் வாழ்நாளில் முதல் தடவையாக நடுங்கியது.

அடித்தேன், பிள்ளை! பந்து போன உயரத்தில் ஹீத்ரோவுக்கு இறங்க வந்த விமானம் ஒன்று ஒதுங்கி வழிவிட்டது. (மாமி சொல்லுவா, பந்து புல்லுக்குள் பத்தடி உருண்டதென்று. அவவுக்குக் கண்ணில் படலம்.) அடித்த கையோடு ஓடினேன். எந்தப் பக்கம் என்று கேட்கிறாயா? மூளைக்குப் பிள்ளையார் கைப்பைக்குள் இருப்பது தெரியும். கோயில் வீதி சுற்றியே பழகிய கால்களுக்கு யார் சொல்வது? நேரே மூன்றாம் மூலைக்குப் பாய்ந்தேன். எதிரே மெய்யப்பன்.

"அண்ணே, ராங் சைடு!"

"நீர் போம்! வீட்டை போம்!"

அங்கே காவல் நின்றவன் புவனேந்திரனே. தன்னை நோக்கி மீசை ஒன்று பறந்து வருவதைக் கண்டதும் அவனுக்கு உலகமே மறந்து போயிற்று. "இஞ்ச எறி! எனக்கு எறி!" என்று கத்தினான். அவர்களும் பந்தை அவனிடமே எறிந்தார்கள். பிடித்து என் தொந்தி வண்டியில் அமத்தி, "அத்தான் அவுட்!" என்று துள்ளினான்.

"ஓம், அண்ணை அவுட்," என்றா பெர்னடெற். "ஆனால் அதுக்கு முதலே மெய்யப்பன் வீட்டை வந்திட்டார். மியூல்ஸ் வெற்றி!"

ஆகவே, தக்ஷிகா, மட்ஃபோர்ட்டின் மானமும் என் மீசையும் ஒரே ஓட்டத்தில் காப்பாற்றப்பட்டன. ஐப்பசியில் மீசையோடு வருகிறேன். படம் எடுப்பவரிடம் அகல லென்ஸ் கொண்டுவரச் சொல். புவனேந்திரன் கம்பளிக் காற்சட்டையோடு வருவான்; அவனை மாப்பிள்ளை வீட்டாருக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவிடு. சுஜீத்தைப் பற்றி உனக்கு ஒரு புத்திமதி: சின்ன வயதிலிருந்து பேஸ்போல் ஆடிய பிள்ளை, மணவறையைச் சுற்றும்போது பழக்கதோஷத்தில் மற்றப் பக்கமாகப் புறப்பட்டுவிடப் போகிறது. கையை இறுக்கிப் பிடித்துக்கொள்.

பதினாறு பேறும் பெற்று, பதினேழாவதாக இந்த மாமனையும் சகித்து, நீடூழி வாழ்க. அம்மாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
மியூல்ஸ் அணித் தலைவரும் உன் தாய்மாமனுமாகிய
இராஜேந்திரன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போனபோது மாமி தேத்தண்ணியும் சவரக்கத்தியுமாக வந்து நிற்கிறா. நான் மட்டை பிடித்து நின்ற அந்த நேரத்தில், கைப்பையைத் திறந்து பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தவவாம்: "இந்த மனுசன் வெண்டால் மீசையை உமக்குக் காணிக்கையாத் தாறன்." தோற்றிருந்தால் மச்சானுக்கு, வென்றதால் பிள்ளையாருக்கு. மச்சானென்றால் அடுத்த கோடை வரை தவணை கேட்கலாம், பிள்ளையாரிடம் ஏலாது. கலியாண மண்டப வாசலில் மேலுதடு வெளிறிய ஒரு மனுசன் வந்தால் மறிக்க வேண்டாமென்று சொல்லி வை. அடையாளத்துக்கு, மணவறையைச் சரியான பக்கமாகச் சுற்றி வருவேன்.