மல்லாந்து ஜெயித்த சோபா அண்ணன்

அன்றைக்கு உலு திராமில், டயர் கடை மாடியில் இருக்கும் எங்கள் பிடிச்சண்டைக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்தே பேர்: சோபா அண்ணன், அவர் மனைவி தேவி அக்கா, மெர்சிங்கிலிருந்து வந்த மீன் பிடிக்கும் தம்பி, நடுவராக நின்ற எங்கள் கோச், அண்ணன் பக்கத்து ஆளாகக் கையில் துண்டோடு நான்.

அடித்துச் சொல்கிறேன், சண்டை ஆரம்பித்ததும் தானாகவே போய்ப் படுத்துக்கொள்ளும் ஒரே வீரர் இந்த உலகத்தில் சோபா அண்ணன்தான். மூவாரிலிருந்து லாரியில் சோபா ஏற்றி வருவது தொழில். "பகல் பூரா மத்தவன் உட்கார சோபா தூக்குறேன். சாயங்காலமாவது நான் படுக்க வேணாமா?" என்பார். படுத்தபடியே எதிராளியின் இடுப்பைக் கால்களால் பின்னிக்கொள்வார். அதற்கு கார்ட் என்று பெயர். மாட்டினால் மேலே இருப்பவனுக்குத்தான் ஆபத்து. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்ட எனக்கு இது புரியவே ஆறு மாதம் ஆனது.

தேவி அக்காவுக்கு யார் புரியவைப்பது? யாரோ எடுத்த வீடியோவில் புருஷன் அடியில் கிடப்பதைப் பார்த்துவிட்டார். "நேர்ல வந்து பார்ப்பேன். அடி வாங்குனீங்க, இதோட இந்தச் சண்டைக்கு முழுக்கு" என்று சத்தியம் வாங்கிவிட்டார்.

கோச் விசில் ஊதினார். அண்ணன் படுத்தார்.

"அலமாக்! அவன் தொடவே இல்லியே, அதுக்குள்ள விழுந்துட்டாரே!"

"விழலக்கா, படுத்திருக்காரு."

"இது படுக்குற நேரமா தம்பி?"

மெர்சிங் தம்பி மேலே பாய்ந்தான். "தேவி, டென்ஷன் ஆகாதே லா!" என்று கீழிருந்து குரல் வந்தது. அண்ணன் கால்களைப் பூட்டி, அவன் வலது மணிக்கட்டைப் பிடித்து முதுகுப் பக்கம் முறுக்கினார். தம்பி வலி தாங்காமல் இடது கையால் அண்ணன் விலாவில் படபடவென்று தட்டினான். தட்டினால் தோற்றேன் என்று அர்த்தம். அக்கா கண்ணுக்கு அது அடி. கோச் குனிந்து பிரித்துவிடுவதற்குள் செருப்போடு மேட் விரிப்பின் மேல் ஏறி, தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தார். இழுக்க இழுக்கக் கை இன்னும் முறுகியது.

"விடுடா என் புருஷனை!"

"ஐயோ அக்கா, அவரை என்னை விடச் சொல்லுங்க!"

அந்தக் கலவரத்தில் நான் பயந்துபோய்த் துண்டை வீசிவிட்டேன். துண்டு வீசினால் எங்கள் ஆள் தோற்றதாகக் கணக்கு! கோச் என்னை ஒரு பார்வை பார்த்தார். துண்டை எடுத்துத் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜெயித்தது இவர்தான் என்று அண்ணன் கையை உயர்த்தினார்.

அக்கா தம்பியின் சட்டையை விட்டார். பிறகு, "சரி, படுங்க. தலைக்கு ஒரு தலகாணியாவது வச்சுக்கக் கூடாதா?" என்றார்.

இப்போது எங்கள் மேட் விரிப்பின் நடுவில் அண்ணன் முதுகு அளவுக்கு ஒரு பள்ளம். புது மேட் வாங்கலாமா என்று கோச் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் எங்கே படுப்பார்?