மூன்று வழி மாப்பிள்ளை

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் செய்த ஒரே உருப்படியான காரியம், என் தங்கையின் கணவர் ஒரே செல்போனில் இரண்டு சிம்மையும் வைஃபையையும் ஒரே சமயத்தில் ஓடவிட்டதுதான். ஒன்று படுத்தால் அடுத்தது எழுந்து நிற்கும்.

இதற்காகத் தினமும் காலையில் 'இணைப்புப் பரிசோதனை' நடக்கும். வீட்டின் ஏதாவது மூலையிலிருந்து தங்கை மூன்று வழியிலும் கூப்பிட வேண்டும். மணி அடித்ததும் மாப்பிள்ளை கட் பண்ணுவார்; வீடியோவை மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கட் பண்ணுவார். பேச ஆரம்பித்தால் பரிசோதனையின் மாண்பு கெட்டுவிடுமாம்.

அன்று அவளுக்கு நேர்காணல். பல வருடம் வீட்டோடு இருந்துவிட்டு மறுபடி வேலைக்குப் போக ஆசைப்பட்டிருந்தாள். அழைத்துப் போக நான் காரோடு வந்திருந்தேன். தூறல் விழவும், கட்டிய புதுச்சேலையோடு மொட்டைமாடிக்குத் துணி எடுக்க ஓடினாள்.

சற்று நேரத்தில் மாப்பிள்ளையின் போன் அடித்தது.

"முதல் சிம், பிரமாதம்." கட்.

மறுபடி அடித்தது.

"ரெண்டாவதும் பழுதில்ல மச்சான்." கட்.

அடுத்து வைஃபையில் வீடியோ. நனைந்த தலையோடு தங்கை தெரிந்தாள். "ஏங்க, கதவு..."

"படம் தெளிவு, குரல் தெளிவு." கட்.

"ஏதோ கதவுன்னாளே மாப்பிள்ளை?"

"பரிசோதனைன்னா ஏதாவது ஒரு வார்த்தை சொல்லணும்ல மச்சான். நேத்து 'உப்பு'ன்னா. நானும் தெளிவுன்னுட்டேன்."

"உப்பு வாங்கினீங்களா?"

"எதுக்கு?"

அப்போது என் ஒற்றைச் சிம் போன் முனகியது. "அண்ணா, காத்துல கதவு சாத்திக்கிச்சு. உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்திருக்கு. வந்து திற."

ஓடிப்போய்த் திறந்தேன். சொட்டச் சொட்ட இறங்கி வந்தவளை மாப்பிள்ளை அக்கறையோடு விசாரித்தார்: "மாடியில சிக்னல் எப்படி?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். சேலை மாற்ற நேரமில்லை. துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே கிளம்பினாள். வாசல் கதவை வெளியே பூட்டியதைப் பழக்கதோஷம் என்றுதான் நினைத்தேன்.

காரில் அவள் போன் அடித்தது. கட் பண்ணினாள். இன்னொரு எண்ணிலிருந்து அடித்தது. கட். பிறகு வீடியோவில் மாப்பிள்ளையின் முகம். "ஏய், நான் ஆபீஸ் போகணும், சாவி..."

"படம் தெளிவு, குரல் தெளிவுங்க." கட்.

என் மாப்பிள்ளையை இன்றும் நீங்கள் எந்த நேரத்திலும், எந்த வழியிலும் பிடித்துவிடலாம். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மட்டும் வேறு யாரையாவது கூப்பிடுங்கள்.