பீரங்கித் தாலாட்டு

கைக்குழந்தையோடு பந்தாட்டம் பார்க்க வந்த ஒரு மனிதரைத் திடலை விட்டுத் துரத்தியவன் நான். யாரும் தூண்டவில்லை. என் வாயாலேயே சொல்லித் துரத்தினேன். இன்று நினைத்தாலும் அந்த இருபத்தாறு வயதுப் பயலைப் பிடித்து நாலு அறை விடவேண்டும் போலிருக்கிறது.

அந்த மனிதரைப் பீரங்கி டிரஸ்ஸர் என்போம். ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப் போடுகிறவர். அவரைவிடக் கோபக்காரர் பினாங்கில் பிறந்ததும் இல்லை, கப்பலில் வந்து இறங்கியதும் இல்லை. மழை பெய்தால் மழையைத் திட்டுவார். நின்றால், பாதியில் நின்றதற்குத் திட்டுவார். பாடாங் திடலை அடுத்த கோட்டையில் பழைய பீரங்கிகள் கடலைப் பார்த்துச் சும்மா வாய் திறந்து கிடக்கும். அவற்றின் வேலையையும் சேர்த்து இவர் பார்க்கிறார் என்பது எங்கள் பேச்சு.

ஆப்பீஸ் குமாஸ்தாக்கள் சேர்ந்த எங்கள் கிராணிமார் கிளப் சனிக்கிழமைதோறும் பாடாங்கில் பந்து ஆடும். யாருக்காவது முழங்கால் சிராய்ந்தால் அயோடின் தடவுவது டிரஸ்ஸரின் வேலை. அதற்கு ஈடாக, எல்லைக் கோட்டோரத்தில் நின்று ரெஃப்ரியைத் திட்டும் உரிமை அவருக்கு உண்டு.

"அடேய், உன் கண்ணுக்கு மருந்து ஊத்தணும், ஆஸ்பத்திரிக்கு வாடா!"

அந்தச் சத்தத்தில் கடலோரக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பும்.

அப்போதுதான் அவருக்கு ரோசி பிறந்தாள். மனைவி மருத்துவச்சி. ஊரிலுள்ள பிள்ளைகளெல்லாம் சனிக்கிழமை மாலைதான் பிறப்பதென்று தீர்மானித்திருந்தன போலும். அந்த அம்மாள் அன்று வீட்டில் இருந்ததே இல்லை. ஆகவே டிரஸ்ஸர் சாரோங்கைத் தோளில் தூளியாக முடிந்து, நாலு மாத ரோசியை அதில் போட்டுக்கொண்டு திடலுக்கு வந்தார்.

"என்னண்ணே, பொம்பளை வேலையெல்லாம் உங்க தலையிலயா?" என்று எங்கள் கோல்கீப்பர் சிரித்தான்.

"நான் பிள்ளையைக் கீழ விடாம பிடிச்சிருக்கேன். நீ போன வாரம் மூணு பந்தை விட்டே. உனக்கெல்லாம் ஆம்பளைப் பேச்சு ஒரு கேடா?"

அதிசயம் என்னவென்றால், அவர் கத்தக் கத்த ரோசி தூங்கினாள். கோல் விழுந்து திடலே அலறினாலும் தூங்கினாள்.

ஒரு சனிக்கிழமை எங்கள் ஆப்பீஸ் துரையும் துரைசானியும் ஆட்டம் பார்க்க வந்தார்கள். நான் கிளப் செக்கரட்டரி. ஆப்பீஸில் பெரிய கிராணி வேலை காலியாக இருந்தது. என் கண்ணெல்லாம் அதன்மேல்தான்.

"அண்ணே, இன்னைக்கு ஒரு நாள் வாயைத் திறக்காதீங்க. துரை முன்னாடி சத்தம் போட்டா என் கதி என்னாகிறது? பிள்ளையும் நிம்மதியாத் தூங்கும்லா."

"உனக்காகத்தான் தம்பி" என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். எங்களுக்கு வரவேண்டிய பெனால்டியை ரெஃப்ரி விழுங்கினான். டிரஸ்ஸரின் கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் மட்டும் வரவில்லை. துரை இருக்கிறாரென்று கூட்டமும் மூச்சுக் காட்டாமல் இருந்தது.

அந்த அமைதியில் ரோசி விழித்துக்கொண்டாள். வீறிட்டாள். தட்டினார், ஆட்டினார், ஒன்றும் பலிக்கவில்லை. துரைசானி காதைப் பொத்தினாள். துரை என் பக்கம் திரும்பி ஒரு புருவத்தை உயர்த்தினார்.

"தம்பி, ஒரே ஒரு சத்தம் போட்டுக்கிறேன். தூங்கிடும்." அவர் கெஞ்சி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"இது விளையாட்டுத் திடல், தொட்டில் கட்டுற இடமில்லை. வெளியே போங்க!" என்றேன், துரைக்குக் கேட்கும்படி.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அயோடின் புட்டியை என் காலடியில் வைத்துவிட்டு, அழும் பிள்ளையோடு நடந்தார்.

பெரிய கிராணி வேலை வேறொருவனுக்குப் போயிற்று. துரைக்கு என் பெயரே தெரியாதாம்.

மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினேன். பதிலில்லை. வீட்டுக்குப் போனேன். "பிள்ளை தூங்குது" என்று தணிந்த குரலில் சொல்லிக் கதவைச் சாத்தினார். உள்ளே ரோசி அழுதுகொண்டிருந்தாள்.

கிளப் கூட்டத்தில் நான் செய்ததை எல்லார் முன்னும் சொன்னேன். துரைமார் வரிசையிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்து, அவர் நின்ற கோட்டோரத்தில் வாராவாரம் போட்டேன். ஏழு சனிக்கிழமை அது காலியாகவே கிடந்தது.

எட்டாவது சனிக்கிழமை கோல்கீப்பர் கணுக்கால் பிசகி விழுந்தான். அயோடின் புட்டியைத் திறந்துகொண்டு ஓடினேன்.

"சுளுக்குக்கு அயோடினாடா, மடையா!"

சாலையோர மரத்தடியிலிருந்து வந்தது அந்த வெடி. ஏழு வாரமும் அங்கே நின்றுதான் ஆட்டம் பார்த்திருக்கிறார். ஓடி வந்து, தூளியை அவிழ்த்து, ரோசியை என் கையில் திணித்தார்.

"பிடி. கீழ விட்டே, தொலைஞ்சே!"

அவர் வாய் மூடிக் கணுக்காலின் மேல் குனிந்ததும் ரோசி கண் விழித்தாள். உதட்டைப் பிதுக்கினாள். முன்வரிசையில் அன்றும் துரைமார். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

"அடேய் ரெஃப்ரி! உன் கண்ணுக்கு மருந்து ஊத்தணும், ஆஸ்பத்திரிக்கு வாடா!"

ரெஃப்ரி விசில் ஊதி, என்னை வெளியே போகச் சொன்னான். ரோசி கொட்டாவி விட்டாள்.

"சத்தம் பத்தலை தம்பி! இன்னும் கத்து!" என்றார் டிரஸ்ஸர், கட்டுப் போட்டுக்கொண்டே.

ரிக்‌ஷாக்காரர்கள் திரும்பிப் பார்க்க, கடற்கரைச் சாலை முழுக்க ரெஃப்ரியைத் திட்டிக்கொண்டே நடந்தேன். என் தோளில் அவள் தூங்கிய கனம் இன்னும் இறங்கவில்லை.